லயம் 4, காம்பரா 7

பெப்ரவரி 4, இலங்கையின் சுதந்திர தினம், விடுமுறைதான். ஆனாலும் கொடியேற்ற நாங்கள் சிலபேர் காலையிலேயே தபாலகத்துக்கு வந்துவிடுவோம். இந்த மாதத்தில் மலையில் பனி பொல்லாதது, கம்பத்துக் கயிறே விறைத்துக் கிடக்கும். தேசிய கீதத்தைத் தமிழில் பாடலாமா கூடாதா என்ற சண்டை எல்லாம் கொழும்போடு சரி. எனக்கு வாய் தானாகச் சிங்களத்தில்தான் பாடும், வேலைக்கு வந்து அத்தனை வருஷம். பாற்சோறு, ஒரு பிளேன்டீ, அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் பூட்டின கவுன்டருக்குப் பின்னால் சும்மா நிற்கும்போது கண் தபால் பிரிக்கிற குழிகள் பக்கம் போகும்.

டவுனில் தெருவுக்கு ஒரு குழி. வீட்டு இலக்கம் பார்த்துப் போடுவோம். தேயிலைத் தோட்டம் என்றால் நானூறு குடும்பம் இருந்தாலும் ஒரே பைதான். தோட்டத்து ஆள் வந்து கையெழுத்துப் போட்டு அதைக் கந்தோருக்கு, அதாவது தோட்ட அலுவலகத்துக்கு, எடுத்துப் போவார். உறையில் 'மேல்கணக்கு, லயம் 4, காம்பரா 7' என்று முத்து முத்தாக எழுதியிருக்கும். கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு, லயம் என்றால் வரிசை வீடு, காம்பரா அதில் ஒரு அறை. அந்தக் காம்பராவின் வாசலை எங்கள் தபால்காரர் ஒருநாளும் மிதித்ததில்லை.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். 1948இல் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தபோது தாத்தா கொழுந்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் முடியுமுன்னே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளிக்காரரான அவரை நாடில்லாதவராக்கிவிட்டது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. தாத்தாவின் தம்பி தலைமன்னாரில் கப்பலேறினார். கோத்தகிரியில் அவருக்கு மறுபடியும் தேயிலைதான். ஆனால் அவர் கடுதாசியில் அனுப்புநர் பக்கம் ஒரு வீட்டு இலக்கம் இருக்கும். தாத்தா அதை விரலால் தடவி, "நம்பர் போட்ட வூடு" என்பார். இங்கே மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் ஒரு வழி விட்டது. தாத்தா அதுவரை இருக்கவில்லை.

சரி, பிரஜாவுரிமை வந்தாயிற்று, வாக்கு இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. பிறகு என்ன குறை என்று டவுனில் என்னோடு டீ குடிக்கிறவர்கள் கேட்பார்கள். எனக்கு அந்தப் பிள்ளைதான் ஞாபகம் வரும்.

லயம் 4, காம்பரா 7இல் இருப்பவள். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி அவளுக்குப் பதிவுத் தபால் வந்தது. வந்த அன்றே பையில் போட்டு, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். அது கந்தோர் மேசையில் ஒன்பது நாள் கிடந்திருக்கிறது. கைக்குக் கிடைத்தபோது நேர்முகம் முடிந்து மூன்று நாள். கடுதாசியோடு கவுன்டருக்கு வந்தாள். நான் பதிவேட்டைத் திருப்பித் திகதியைக் காட்டினேன். பயந்தாங்கொள்ளித்தனம்தான், வேறென்ன. அவள் குனிந்து பார்த்துவிட்டு, "உங்க மேல பிழை இல்லண்ணே. என் மேலயும் இல்ல. அப்ப யார் மேல?" என்றாள். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அதற்குப் பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் 'மே/பா', அதாவது இன்னார் மூலம் என்று போட்டு டவுன் கடை விலாசம் கொடுப்பதைக் கவனிக்க ஆரம்பித்தேன். பலசரக்குக் கடை, சலூன், ஒரு பார்மசி. கடைக்காரர் நல்லவராக இருந்தால் பிழைத்தது.

இந்த வருஷம் 3ஆம் திகதி பின்னேரம், மூடுகிற நேரத்தில் அவள் வந்தாள். வேறொரு விண்ணப்பம். கவரின் பின்னால் பழக்கத்தில் லயம் 4, காம்பரா 7 என்று எழுதிவிட்டாள். பேனை நின்றது. அதன் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, கீழே பலசரக்குக் கடையின் விலாசத்தை எழுதினாள்.

"அசிங்கமா இருக்கும்மா, வேற கவர் தர்றேன்" என்றேன்.

"வேணாண்ணே. அதுவும் இருக்கட்டும்."

முத்திரை குத்தி வைத்தேன். நாளைக்கு லீவு என்பதால், 5ஆம் திகதி முதல் பையில் போகும்.