டிசியில் ஒருத்தி, ஆதாரில் ஒருத்தி

போன வாரம் மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வந்தது. 41 வயதில் தனித்தேர்வராக நேரடியாகப் பத்தாம் வகுப்பு எழுதி, ஐந்து பாடத்திலும் பாஸ். படிக்கப் பட்ட பாட்டைவிட, படிக்க வந்தவள் நான்தான் என்று நம்பவைக்கப் பட்ட பாடுதான் அதிகம். என்னைப் போல யாராவது இருந்தால் உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

ஒன்பதாவதில் பாதியில் நின்றவள் நான். டிசியைத் தேடி எடுத்துத் தந்தார் பழைய பள்ளித் தலைமை ஆசிரியர். தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போன சேவை மையத்தில்தான் சிக்கல் தொடங்கியது. கவுன்டரில் இருந்தவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பொண்ணு எங்கேம்மா?" என்றார். "எனக்குத்தாங்க" என்றேன். ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் தாள்களைப் புரட்டினார்.

டிசியில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் 'எம்'. ஆதாரில் கணவரின் 'ஆர்'. பிறந்த தேதியும் வேறு வேறு. ஐப்பசியில் பிறந்த என்னை, வயது பத்தவில்லை என்று ஜூன் 2-ல் பிறந்தவளாக எழுதித்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள். "ரெண்டும் ஒரே ஆளுன்னு நான் எப்படிம்மா நம்புறது?" என்று கட்டைத் திருப்பித் தள்ளினார். என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லவே இல்லை. பனியன் கம்பெனியில் ஒரு நாள் சம்பளம் போனது. மறுமுறை போனேன், அதே பதில். பஸ்ஸில் அழுதுவிட்டேன்.

கடைசியில் தலைமை ஆசிரியரே வழி சொன்னார். என் போட்டோ ஒட்டி, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று எழுதி, பள்ளி முத்திரை வைத்துக் கொடுத்தார். நோட்டரியிடம் ஓர் உறுதிமொழியும் வாங்கிக்கொண்டேன். அதற்குள் கடைசித் தேதி முடிந்து, தட்கலில் கூடுதல் பணம் கட்டித்தான் விண்ணப்பிக்க முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய அக்கா தங்கைகளே, இதை முதல் நாளே தயார் செய்துகொள்ளுங்கள். என்ன தாள் வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய் வார்த்தையை நம்பி அலையாதீர்கள்.

இன்னொன்று. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும், அதுவும் முன்கூட்டியே. வருகைப் பதிவு குறைந்தால் செய்முறைத் தேர்வுக்கு விடமாட்டார்கள். அந்த 25 மதிப்பெண்ணில் 15 எடுத்தாக வேண்டும், எழுத்துத் தேர்வில் தேறினாலும்.

பயிற்சிக்குப் போன முதல் நாள், ஆய்வகத்தில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்றார்கள். கூச்சமாகிப் போனது. இரண்டு வாரம் சோதனைக் குழாயைத் தொடாமல் பின்னாலேயே நின்றேன். தெரியாமல் இல்லை. இது அவர்கள் இடம், நமக்கென்ன என்ற நினைப்புதான். பாடம் அதனாலேயே தலையில் ஏறவில்லை.

ஒரு சனிக்கிழமை குவிலென்சின் குவியத் தொலைவைக் கண்டுபிடிக்கும் சோதனை. திரையை முன்னும் பின்னும் நகர்த்தி, ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தின் பிம்பம் தெளிவாக விழும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் பிடித்த இடமெல்லாம் எனக்கு லேசாக மங்கலாகத் தெரிந்தது. பதினாறு வருடம் செக்கிங் டேபிளில் ஊசி ஓட்டை பார்த்த கண் இது. "இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுப்பா" என்றேன். இலை விளிம்புகூடத் தலைகீழாகத் துல்லியமாக விழுந்தது. ஆசிரியை, "இனிமே நீங்கதான் முதல்ல பிடிக்கணும்" என்று ஸ்கேலை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு பின்வரிசைக்கு நான் போகவில்லை. அறிவியலில் 61.

முதல் தேர்வன்று வருகைத் தாளில் கையெழுத்துப் போடும்போது கை பழக்கத்தில் 'ஆர்' பக்கம் போனது. நிறுத்தி, மெதுவாக 'எம்' என்று எழுதினேன். ஐந்தாவது தேர்வில் அது தானாகவே வந்தது.