முதல் பட்டதாரிச் சான்றிதழா? பிளஸ் ஒன் விடுமுறையிலேயே கிளம்புங்கள்

ஒருவழியாக மகளின் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளை என்று காட்டி, கல்விக் கட்டணச் சலுகை பெற உதவும் சான்று இது. மகள் பிளஸ் டூ வகுப்பில் நுழைவதற்குள் வாங்கிவிடலாம் என்று கோடை விடுமுறையில் தொடங்கிய வேலை, காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் முடிந்தது. தேர்வு முடிவும் பொறியியல் கலந்தாய்வுப் பதிவும் சேர்ந்து வரும் மே மாதத்தில் இதைத் தொடங்கியிருந்தால் என்ற நினைப்பே வயிற்றைக் கலக்குகிறது.

மகள் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. கட்டணத்தை அரசே ஏற்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். ஆகவே கல்விக் கட்டணத்துக்கு நாங்கள் நம்பியிருப்பது இந்தச் சான்றிதழைத்தான். அதுவும் கலந்தாய்வில் இடம் எடுத்தால் மட்டுமே. கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குச் செல்லாது.

இ-சேவை மையத்தில் கேன் எண் (விண்ணப்பிப்பவருக்கான பதிவு எண்), 60 ரூபாய் கட்டணம் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. கிராம நிர்வாக அலுவலரும் தடை சொல்லவில்லை. அதற்கடுத்த மேசையில்தான் வினை.

“உங்கள் தம்பி பி.எஸ்சி. முடித்தவராமே? ஒரே ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது. அப்புறம் உங்கள் பெண் எப்படி முதல் பட்டதாரி?” கேட்டவர் தலையை நிமிர்த்தவேயில்லை. சில நாளில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது.

தம்பி பெயரைக் கார்டிலிருந்து நீக்கிவிட்டு வாருங்கள் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் வாங்கியிருந்த சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் இருப்பது தந்தை, தாய், இருபுறத்துத் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள். சித்தப்பாவுக்குக் கட்டமே இல்லை! அதை நகலெடுத்துக்கொண்டு நேராக மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போனேன். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சரிதான், புதிதாக விண்ணப்பியுங்கள்” என்றார். மறுபடி 60 ரூபாய். போகட்டும், அந்த மேசைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க அதற்கு மேலும் கொடுத்திருப்பேன்.

இரண்டாம் சுற்றில், தாத்தா படிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். பள்ளி வாசலையே மிதிக்காதவருக்கு எந்தப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்? உறுதிமொழிக் கடிதத்தையும் இறப்புச் சான்றையும் சேர்த்துக் கொடுத்த பிறகு ஏற்றார்கள். உண்மையில் மாதங்களை விழுங்கியது மனைவியின் மாற்றுச் சான்றிதழ். அவர் படித்தது வேறு மாவட்டம். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்க அந்தப் பள்ளிக்கு மனம் வரவேண்டுமே! அம்மா அப்பாவின் பள்ளிச் சான்றுகளைத் தேடிவைத்துக்கொண்டு பிறகு விண்ணப்பியுங்கள்.

நிராகரித்தால் வாய்மொழிக் காரணத்தை நம்பாதீர்கள். விண்ணப்ப எண்ணைப் போட்டு இணையத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கலந்தாய்வுக்குக் கேட்கும் சாதிச் சான்றிதழில் பெயர், முன்னெழுத்து சரியா என்று இப்போதே பார்த்துவிடலாம். வருமானச் சான்றை மட்டும் முன்கூட்டி வாங்க வேண்டாம், ஓராண்டில் காலாவதியாகிவிடும்.

இன்னொன்று: இந்தச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். எட்டாவது படிக்கும் மகனுக்கு இனி வேறு வழி பார்க்க வேண்டும்.