ஓரத்தில் பென்சில் கையெழுத்து

2025 மே 5

இங்கிலாந்திலிருந்து படம் வந்து சேர்ந்தது. நிலா வெளிச்சத்தில், ஜெர்மனியின் மோனே அணையை நோக்கித் தண்ணீரை உரசுவதுபோலப் பறக்கும் பிரிட்டிஷ் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம்; இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் அணைகள்மீது நடந்த தாக்குதலின் ஓவியம். கீழே வெள்ளை ஓரத்தில் இடப்பக்கம் 212/500 என்று எண் (500 பிரதிகளில் 212-ஆவது), வலப்பக்கம் ஓவியர் கையெழுத்து, நடுவில் அந்தத் தாக்குதலில் பறந்த வீரர் ஜானி ஜான்சனின் கையெழுத்து. எல்லாமே பென்சில். பேனா மை வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பென்சில் அப்படியே நிற்கும்.

மே 8

பாளையங்கோட்டையில் பிரேம் போடும் கடை. கடைத் தம்பி படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "ஓரம் சும்மாதான கெடக்கு அண்ணாச்சி, வெட்டிருவமா?" என்று கேட்டார். பதறிப்போனேன். படத்தின் உயிரே அந்த ஓரத்தில்தான் இருக்கிறது என்று கையெழுத்தைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அவரே, கண்ணாடி தாளில் ஒட்டாமல் இருக்க உள்ளே அட்டைச் சட்டம் வைக்கலாம் என்றார். பசை வேண்டாம், அமிலம் இல்லாத அட்டைதான் வேண்டும் என்று சொல்லி வந்திருக்கிறேன். பசை இருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வந்துவிடும்.

மே 17

1943-இல் இதே நாள் அதிகாலையில்தான் அந்த அணைகள் உடைந்தன. 16-ஆம் தேதி இரவு கிளம்பியவை பிரிட்டிஷ் விமானப்படையின் 617-ஆம் படைப்பிரிவின் 19 லங்காஸ்டர்கள். பீப்பாய் போன்ற குண்டைப் பின்னோக்கிச் சுழலவிட்டு, சரியாக 60 அடி உயரத்தில் போட வேண்டும். அது தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போய்ச் சுவரில் முட்டி, மூழ்கி, அடியில் வெடிக்கும். இருட்டில் 60 அடியை எப்படிக் கண்டுபிடிப்பது? விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைச் சாய்த்துப் பொருத்தினார்கள். இரண்டு ஒளிவட்டமும் தண்ணீரில் ஒன்றாகச் சேர்ந்தால் அதுதான் 60 அடி.

என் படத்தில் இருப்பது மோனே. ஆனால் ஜான்சன் அன்று போனது சோர்ப்பே அணைக்கு. அது மண் அணை என்பதால் குண்டைச் சுழற்றாமல், அணையின் நீளவாக்கில் பறந்து நடுவில் போட வேண்டும். குறிபார்க்கும் பொறுப்பு ஜான்சனுக்கு. ஒன்பது முறை திருப்தி இல்லாமல் விமானத்தைத் திருப்பச் சொன்னார். கூட இருந்தவர்கள் எரிச்சலானார்கள். பத்தாவது முறைதான் போட்டார். அணையின் மேல்விளிம்பு சிதைந்ததே தவிர உடையவில்லை. மோனேயும் ஏடர் என்ற இன்னொரு அணையும்தான் உடைந்தன. இது தெரியாமல் அந்தக் கையெழுத்தை வைத்திருப்பதில் என்ன இருக்கிறது?

மே 25

காரையாரில் இருக்கும் பாபநாசம் அணைக்குப் போனோம். அதன் முழு மட்டம் 143 அடி. 60 அடி என்பது அதில் பாதிகூட இல்லை. லங்காஸ்டரின் இறக்கை அகலமே 102 அடி. கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தபோதுதான் அந்தத் தாழ்வு எவ்வளவு பயங்கரம் என்று உறைத்தது. வீட்டில் எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். நான் மனசுக்குள் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 2

பிரேம் வந்துவிட்டது, அருமையாக இருக்கிறது. வெயில் விழாத உள்சுவரில் மாட்டினேன்.

ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அன்று எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள். இந்த மாதிரிப் படங்களில் கையெழுத்துப் போடுவது பிழைத்து வந்தவர்கள்தான். ஜான்சன் 101 வயது வாழ்ந்து 2022 டிசம்பரில் காலமானார். கீழே பள்ளத்தாக்கில் வெள்ளத்தில் போனவர்கள் ஏறத்தாழ 1,600 பேர். ஜெர்மானியர்கள் கட்டாய வேலைக்குப் பிடித்துவந்த வெளிநாட்டவர்கள், அதிலும் பெண்கள், அவர்களில் ஏராளம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குள் புகுந்ததைப் பார்த்த ஊர் இது. அந்த எண்ணிக்கையை நம்மால் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது. படத்தின் பின்அட்டையில் 53, 1,600 இரண்டையும் பென்சிலில் எழுதி வைத்தேன்.

ஜூன் 8

அடுத்து வாங்க நினைப்பது நம்ம விமானப்படை ஓட்டிய நாட் என்ற சிறிய போர் விமானத்தின் படம். 1971 டிசம்பர் 14 அன்று, ஸ்ரீநகர் ஓடுதளத்தில் குண்டு விழும்போதே ஏறிப் பறந்து, தனியாகப் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களோடு சண்டையிட்டு இறந்தவர் நிர்மல் ஜித் சிங் செகோன். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய 18-ஆம் படைப்பிரிவு 2020-இல் நம்ம சூலூரில் தேஜஸ் போர் விமானம் ஓட்டத் தொடங்கியது. அவர் கையெழுத்து எந்தப் படத்திலும் கிடைக்காது. ஓவியர் கையெழுத்து மட்டும் இருந்தாலும் வாங்குவேன்.