நாலாம் இரவு

மகன் பிறந்து நாலாம் நாள் இரவு. வெளியே அனலாய் அடிக்கும் கச்சான் காற்று ஓயவே இல்லை. மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் குசினித் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே பிள்ளை வீரிட்டு அழுகிறான். ஒன்றரை மணியிலிருந்து வலது பக்கம், இடது பக்கம் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். இரண்டு இழுப்பு இழுப்பான், விட்டுவிடுவான். காம்பு வெடித்து இரத்தம் கசிந்திருந்தது. அவன் வாயை வைக்கும் ஒவ்வொரு தரமும் கால்விரல்களை மடக்கிக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

"பால் காணாது போல மகள். இந்தச் சூட்டுக்குப் பிள்ளைக்குத் தண்ணி விடாய்க்கும். கொதிச்சாறின தண்ணி கொஞ்சம் பருக்குவமா?" என்று அம்மா கேட்டார். பாவம், அவரும் மூன்று இரவாக நித்திரை இல்லை. என் கணவர், விடிந்ததும் பால்மா வாங்கிவருகிறேன் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. என்னிடம் பால் இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில், பிள்ளை பிறந்ததும் முதலில் சுரக்கும் கடும்புப்பால் கொடுத்திருந்தேன். மஞ்சளாய், பிசுபிசுவென்று, ஒரு தேக்கரண்டி வந்தால் பெரிது. பிறந்த பிள்ளையின் இரைப்பைக்கு அது போதும், நோய் எதிர்ப்புச் சக்தி அதில் நிறைய இருக்கிறது என்று கிளினிக்கில் முன்பே சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் பிள்ளை எப்படிப் பிடிக்கிறான் என்று வாட்டில் ஒருவரும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. "குடுங்க, குடுங்க" என்றபடி கடந்து போனார்கள். மறுநாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அஞ்சாம் நாள் காலை, தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கே வந்து பார்க்கும் குடும்பநல மாது வந்தார். நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். கையைக் கழுவிவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருந்து, "நீங்க குடுங்க, நான் பாக்கன்" என்றார். ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார். "பால் இருக்கு மகள். இவர் காம்பை மட்டும் கவ்வுறார். அதான் உங்களுக்கு நோகுது, அவருக்கும் வருதில்ல."

பிள்ளையின் கடைவாயில் என் சின்ன விரலை விடச் சொல்லி, வலிக்காமல் எடுக்கப் பழக்கினார். தலையை மட்டும் திருப்பாமல் முழு உடம்பையும் என் பக்கம் திருப்பி, வயிற்றோடு வயிறு ஒட்ட வைத்தார். அவன் மூக்குக்கு நேரே காம்பு. அதால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். அந்தக் காத்திருப்புத்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது. நான் அவசரப்பட்டு, பாதி திறந்த வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கொட்டாவி விடுவதுபோல் அவன் வாயைப் பெரிதாய்த் திறந்தான். "இப்ப!" என்று மிஸ் அவனை என்னிடம் அணைத்தார். குனிந்து மார்பை அவனிடம் கொண்டுபோகக் கூடாது, பிள்ளையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும். அவன் நாடி, அதாவது முகவாய், மார்பில் பதிந்திருந்தது. கீழுதடு வெளியே மடிந்திருந்தது. முதலில் விறுவிறுவென்று இழுத்தான். பிறகு மெதுவாக, ஆழமாக. ஒவ்வொரு இழுப்புக்கும் காதோரம் சின்னதாய் அசைந்தது. க்கு... க்கு... என்று விழுங்கும் சத்தம். எனக்கு வலி இல்லை. மற்றப் பக்கம் தானாகச் சுரந்து சட்டை நனைந்தபோது அம்மா அழுதுவிட்டார்.

கச்சான் அடித்தாலும் ஆறு மாதம்வரை தண்ணீர் வேண்டாம் என்று மிஸ் அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார். தாய்ப்பாலில் 100க்கு 88 பங்கு அளவு தண்ணீர்தானாம். பால் காணுமா என்று அழுகையை வைத்துப் பார்க்காமல் மூத்திரத்தை எண்ணச் சொன்னார். அஞ்சாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தரமாவது போக வேண்டும். குறைந்தாலோ, பால் குடிக்க எழும்பாமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்குக் காய்ச்சலோடு மார்பு சிவந்து கல்லாய் நின்றாலும் அப்படித்தான்.

அப்புறம் சாப்பாடு. பால்சுறா வறை, உள்ளி போட்ட சரக்குக் கறி, முருங்கையிலைச் சுண்டல் என்று அம்மா சமைத்ததையெல்லாம் ஆசையாய்ச் சாப்பிட்டேன். உடம்பு தேறியது. ஆனாலும் பாலைக் கூட்டியது பிள்ளையின் வாய்தான் என்று நினைக்கிறேன். குடிக்கக் குடிக்கத்தான் ஊறுகிறது. பால் சுரக்க வைக்கும் ஹோர்மோன் இரவில் கூடுதல் என்பதால் இரவுப் பாலை நான் ஒருநாளும் விடவில்லை. மார்பில் போட்டுவிட்டுத் தூங்கி விழுவேன், கணவர் பக்கத்தில் முழித்திருந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு ஏவறை எடுப்பார்.

பிறந்தபோது 2.9 கிலோ. அஞ்சாம் நாள் 2.7. பதினாலாம் நாள் தராசில் 3.05 என்று காட்டியது. மிஸ் அதைப் பதிவேட்டில் எழுதும்வரை நான் மூச்சே விடவில்லை.

மச்சாளுக்குப் பிள்ளை பிறக்க அடுத்த மாதம் திகதி குறித்திருக்கிறார்கள். அவ வீட்டுக்கு வருகிற அன்றே என் மகனையும் தூக்கிக்கொண்டு வந்து நாலு இரவு தங்குகிறேன் என்று மாமியிடம் சொல்லிவிட்டேன். மாமி இப்போதே பாய் எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாவாம்.