ஷ்வெட் புத்தகத்தின் முன் அட்டை நின்றுவிட்டது

வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தையைக் கிண்டல் செய்து ஃபிரெட் ஷ்வெட் எழுதிய 'வேர் ஆர் தி கஸ்டமர்ஸ் யாட்ஸ்?' புத்தகத்தின் கிழிந்த முன் மூட்டை ஒட்டிவிட்டேன், அட்டை இப்போது தொங்காமல் திறக்கிறது, மூடுகிறது. சைமன் அண்ட் ஷூஸ்டர் 1940-ல் போட்ட பதிப்பு, பீட்டர் ஆர்னோ படங்களுடன். இதற்கு முன்னால் ஒருவர் 1940 என்று சொல்லி விற்றது, வந்து பார்த்தால் ஜான் மகீ 1955-ல் போட்ட மறுபதிப்பு. தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

சரி, பசைக்கு வருவோம். எல்லாமே அதில்தான் இருக்கிறது. உள்மூட்டு, அதாவது அட்டையும் தாள்களும் சேரும் உள்பக்க மடிப்பு, கிழிந்தால் இங்கே பாலக்காட்டுச் சித்தூரில் பைண்டர் அண்ணன் மைதா பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டிக் கொடுப்பார். "துத்தம் போடலைன்னா பூச்சி அரிச்சிரும் தம்பி" என்பார். பள்ளி நோட்டுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் அது சரி. ஆனால் துத்தத்தில் இருக்கும் செம்பு நாளாக நாளாகக் காகிதத்தை மக்க வைக்கும். பூச்சியை இழுப்பதில் மைதாவின் பசைப் புரதத்துக்கும் பங்கு உண்டு. அதனால் அந்தப் புரதத்தையே எடுத்துவிட்டேன். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பது போலத்தான்: மைதாவைப் பிசைந்து, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கி, ரப்பர் போன்ற சக்கையை எறிந்துவிட்டு, பாலை இரவு முழுக்கத் தெளிய விட வேண்டும். அடியில் படியும் வெள்ளை மாவுதான் நமக்கு வேண்டியது.

ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீ, கை எடுக்காமல் கிளற வேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கினால் போதாது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் வேக வேண்டும். ஆறியதும் மெல்லிய துணியில் பிழிந்தெடுத்தால் கட்டியே இருக்காது. கடையில் வாங்கும் வெள்ளைப் பசை இதன் பக்கத்தில் வர முடியாது. பின்னால் யாராவது பிரிக்க நினைத்தால் இது ஈரத்துக்கு இளகிக் கொடுக்கும், அது கொடுக்காது.

கிழிசலை ஒட்டும் மெல்லிய, நீள இழைக் காகிதமான ஜப்பான் டிஷ்யூவைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் ஈரக்கோடு போட்டுக் கிழித்தேன். ஓரத்தில் இழை நீண்டு நின்றால்தான் ஒட்டிய தடம் தெரியாது. நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் மூட்டுக்குள் மெதுவாக அழுத்தி, மெழுகுத்தாள் வைத்து, மேலே பாரம் ஏற்றிவிட்டேன். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று பசையை அவசரமாகக் காய வைத்து அட்டையை வளைத்துவிடும். அதனால் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன்.

உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் இந்தப் பங்குச் சந்தைக் கிண்டல் வகை சிக்குவதில்லை, ஆனாலும் கோவை போனால் எட்டிப் பார்க்காமல் திரும்ப மாட்டேன். அடுத்து வேண்டியது எட்வர்ட் ஆங்லி தொகுத்து 1931-ல் வந்த 'ஓ யே?'. சந்தை சரிந்த காலத்தில் பெரிய மனிதர்கள் அள்ளிவிட்ட நம்பிக்கை வார்த்தைகளைச் சும்மா வரிசையாக அடுக்கிக் காட்டும் புத்தகம். அதைவிடக் கூர்மையான கிண்டல் இந்த வகையில் இல்லை என்பேன். நகைச்சுவை நடிகர் எடி கேன்டர் 1929 சரிவைப் பற்றி அதே வருடம் எழுதிய 'காட் ஷார்ட்!' ஏற்கெனவே கையில் இருக்கிறது. மெல்லிசுப் புத்தகம், அலமாரியில் நிற்காது. அதற்குக் காலிகோ என்ற பைண்டிங் துணி போட்டு ஒரு பெட்டி செய்ய வேண்டும், கருநீலமா அரக்கா என்று இன்னும் முடிவாகவில்லை.

ஷ்வெட்டின் பின் அட்டை மூட்டு பாக்கி. மாவு தெளிந்துகொண்டிருக்கிறது, நாளைக்குக் காய்ச்சணும்.