டிரஸ்ட் தலைவர் சம்பளத்த கேக்கக் கூடாதா?

நேத்து கொளச்சல் கடற்கரைல வலை சரி பண்ணிட்டு இருந்த ஒரு அக்கா கேட்டாங்க, 2017ல ஓகி புயல் வந்தப்போ ஒரு டிரஸ்ட்காரங்க வந்து எங்க பேரெல்லாம் எழுதி போட்டோ எடுத்துட்டு போனாங்களே, அந்தக் காசெல்லாம் எங்க மக்கா போச்சுன்னு. அவங்க கைக்கு வந்தது ஒரு போர்வையும் அஞ்சு கிலோ அரிசியும்தான். எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு.

வெளிநாட்டு காசு வாங்குற தொண்டு நிறுவனம் சம்பளம், ஆபீஸ் வாடகை மாதிரி நிர்வாகச் செலவுக்கு அதுல 20 சதவீதத்துக்கு மேல எடுக்கக்கூடாதுன்னு 2020ல எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடை சட்டத்த திருத்துனாங்க, அதுக்கு முன்னாடி 50, ஆனா 2022ல மத்திய உள்துறை வெப்சைட்ல இருந்து அந்த நிறுவனங்களோட ஆண்டு கணக்கையே தூக்கிட்டாங்க, அப்புறம் சாதாரண ஜனம் எங்க போயி பாக்கும்? அமெரிக்கால தொண்டு நிறுவனங்க வருஷா வருஷம் வரித்துறைக்கு குடுக்குற ஃபார்ம் 990னு ஒரு கணக்கு இருக்கு, பெரிய தொண்டு நிறுவனம்னா தலைவர் சம்பளம் வரைக்கும் அதுல எழுதணும், யாரு வேணா பாக்கலாம்.

நல்லா உழைக்கிறவங்க நல்ல சம்பளம் வாங்கட்டும், அதுல எனக்கு பொறாமையே கிடையாது. எவ்வளவுன்னு ஆபீஸ் வாசல்ல எழுதிப் போடுங்கன்னுதான் கேக்கேன்.

பேர் எழுதிட்டு போன அந்த டிரஸ்ட் ஆபீஸுக்கு திங்கக்கிழமை போயி ஆடிட் ரிப்போர்ட் காப்பி கேக்கப் போறேன், அந்த அக்காவும் வாறாங்க. கூட வாறவங்க சொல்லுங்க.