போய்வந்த கணக்கு

கப்பலில் உயிர்காக்கும் சாதனங்கள் என் பொறுப்பு. சரக்கு வேலையும், கப்பலைச் செலுத்தும் மேல் அறையான பிரிட்ஜில் காவலும் போக மிச்சமிருக்கும் நேரமெல்லாம் இதற்குத்தான் போகும். லைஃப் ஜாக்கெட்டின் விளக்கு எரிகிறதா, மீட்புப் படகைத் தாங்கும் கொக்கியில் உப்பேறியிருக்கிறதா, படகை இறக்கும் இரும்பு வடத்துக்கு ஐந்து வருடம் முடியப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விதிப்படி ஒவ்வொரு மாலுமியும் மாதம் ஒரு முறையாவது கப்பலைக் கைவிடும் பயிற்சியில் நின்றாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை படகைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

விதி இப்படி. முன்பு நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் படகை அதன் இருப்பிடத்திலிருந்து ஒரு கை அகலம் நகர்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள், திரும்ப இழுத்துக் கட்டிவிடுவார்கள். லாக் புத்தகத்தில் பயிற்சி முடிந்தது என்று ஏறிவிடும். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. படகைக் கண்டாலே மாலுமிகளுக்குப் பயம். உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே கொக்கி தானாகக் கழன்று படகு கீழே விழுந்து, பயிற்சியிலேயே உயிர்போன கதைகள் எல்லாத் துறைமுகத்திலும் உண்டு. கொக்கிகளின் வடிவமைப்பையே மாற்றச் சொல்லி 2011இல் சர்வதேச விதி திருத்தப்பட்டது அதனால்தான். உயிரைக் காக்க வைத்திருக்கும் சாதனத்தின் மேல் நம்பிக்கை இல்லாதவனிடம் அதை வைத்துப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலையிலேயே கடினமான பகுதி.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரேட் யார்மவுத் துறைமுகத்தில் எங்கள் கப்பல் ஒரு உதிரிபாகத்துக்காகக் காத்துக் கிடந்தபோது கிடைத்த விடுப்பில், டெக் மாலுமிகளுக்குத் தலைவரான போசன் அண்ணனும் நானும் க்ரோமர் போனோம். நாரிச்சில் ரயில் மாற வேண்டும். நண்டுக்குப் பேர்போன சின்ன ஊர். மேட்டில் ஊர், கீழே கூழாங்கல்லும் மணலுமாகக் கடற்கரை, மரத்தளம் போட்டுக் கடலுக்குள் நீண்டு போகும் ஒரு பாலம். கரையோரமாகவே இருக்கிறது, மீட்புப் படகுகளின் கதை சொல்லும் ஹென்றி பிளாக் அருங்காட்சியகம். கட்டணம் கிடையாது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அளவுகூட இருக்காது.

கட்டிடத்தின் பெயர் ராக்கெட் ஹவுஸ். பெயரைப் பார்த்ததும் எங்கள் பிரிட்ஜில் இருக்கும், ராக்கெட்டால் கயிறு எறியும் சாதனம் ஞாபகம் வந்தது. குறைந்தது 230 மீட்டர் தூரம் கயிற்றைக் கொண்டுபோக வேண்டும் என்பது அதற்கான விதி. அதன் பூர்விகம் நாங்கள் கட்டிக் கிடந்த அதே யார்மவுத்தான். 1807இல் கரைக்கு வெகு அருகிலேயே ஒரு போர்க்கப்பல் உடைந்து ஆட்கள் சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் கேப்டன் மேன்பி. சிறிய பீரங்கியின் குண்டில் கயிறு கட்டி அதைக் கப்பலுக்கு மேலே சுட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே எலிசபெத் என்ற பாய்க்கப்பலில் இருந்தவர்களை அந்தக் கயிற்றால் கரைசேர்த்துக் காட்டினார். பீரங்கி போய் ராக்கெட் வந்தது. நான் காலாவதித் தேதி பார்த்து மாற்றும் அந்த ஆரஞ்சு நிறக் குழாய்க்கு இப்படி ஒரு வம்சம்.

கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது எச். எஃப். பெய்லி என்ற மரப்படகு. 46 அடி. 1935 முதல் 1945 வரை இந்த ஊரில் வேலை செய்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுவந்த படகு. போசன் அண்ணன் நேராகப் பின்பக்கம் போய்க் குனிந்தார். நானும் குனிந்தேன். தண்ணீருக்குள் சுழன்று படகை உந்தும் இரண்டு காற்றாடிகளும் வெளியே துருத்தாமல், படகின் அடிவயிற்றில் குடைந்த இரண்டு பள்ளங்களுக்குள் ஒடுங்கியிருந்தன. மணல் திட்டில் தட்டினாலும் உடைந்த கப்பலின் கயிறுகள் மிதந்து வந்தாலும் காற்றாடி தப்பிக்க வேண்டும் என்பதற்காக. அண்ணன் அந்தக் குடைவை அண்ணாந்து பார்த்தபடி, "கடலுக்குப் போறவன் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்திருக்கான் சார், இதைச் செஞ்சவனுக்கு" என்றார். அவர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்காரர். சிறுவயதில் வள்ளத்தில் தொழில் செய்துவிட்டுக் கப்பலுக்கு வந்தவர். மரவேலையைப் பற்றி அவர் சொன்னால் எனக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தப் படகைச் செலுத்தியவர் ஹென்றி பிளாக். 1876இல் பிறந்து 1954இல் இறந்தவர். நண்டு பிடிப்பதுதான் தொழில். கோடையில் கடற்கரைக்கு வருபவர்களுக்குச் சாய்வு நாற்காலி வாடகைக்கு விடுவார். 1894இல், கரையிலிருந்து போய் ஆட்களைக் காப்பாற்றும் ஊர் மீட்புப் படகில் சேர்ந்து, 1909இல் காக்ஸ்வெயின் ஆனார். சுக்கான் பிடிப்பவரும் அவரே, குழுவுக்குத் தலைவரும் அவரே. 1947இல் ஓய்வு பெறும்போது வயது 71. 53 ஆண்டுகளில் 387 தடவை போய் 873 பேரைக் காப்பாற்றியது அவர் இருந்த குழு. 1824இல் வில்லியம் ஹில்லரி முயற்சியில் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற மீட்புப் படகு அமைப்பின் தங்கப் பதக்கம் அவருக்கு மூன்று முறை கிடைத்தது, வெள்ளி நான்கு முறை. இன்றும் அந்த அமைப்பு மக்கள் தரும் நன்கொடையில்தான் நடக்கிறது, படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள்.

பதக்கங்கள் என்னை அவ்வளவாக நிறுத்தவில்லை. 1917 ஜனவரி 9ஆம் தேதியின் கதை நிறுத்தியது.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஊரின் இளைஞர்கள் எல்லாம் போருக்குப் போய்விட்டார்கள். படகில் இருந்தவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அப்போது இருந்தது லூயிசா ஹார்ட்வெல் என்ற துடுப்புப் படகு. அதற்கு எஞ்சின் கிடையாது. சக்கரவண்டியில் ஏற்றிக் கடற்கரைக்கு இழுத்து வந்து, ஆட்கள் தண்ணீரில் இறங்கி நின்று அலைக்குள் தள்ளிவிட வேண்டும். அன்று பைரின் என்ற கிரேக்கக் கப்பலில் ஆபத்துக் கொடி ஏறியது. புயல்காற்றில் துடுப்புப் போட்டுப் போய் 16 பேரைக் கொண்டுவந்தார்கள். கரைசேர்ந்தபோது குழுவில் யாருக்கும் உடம்பில் சத்து இல்லை. அந்த நேரம் பார்த்து ஃபெர்னெபோ என்ற ஸ்வீடன் நாட்டுக் கப்பல் வெடித்து இரண்டாகப் பிளந்தது.

நனைந்த உடையோடு மறுபடியும் படகுக்குப் போனார்கள். அலை தூக்கிக் கரையில் போட்டது. ராக்கெட்டில் கயிறு விட்டுப் பார்த்தார்கள், சேரவில்லை. இருட்டிவிட்டது. தேடுவிளக்கு வெளிச்சத்தில் திரும்பவும் இறக்கினார்கள். துடுப்புகள் உடைந்தன, சில அடித்துக்கொண்டு போயின. கரைக்கு வந்து வேறு துடுப்புகளை எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை போனார்கள். இந்த முறை கப்பலை அடைந்தார்கள். 11 பேரைக் கொண்டுவந்தார்கள். பிளாக்குக்கு அன்றுதான் முதல் தங்கம். குழுவினருக்குத் தருவதற்கு வெண்கலப் பதக்கம் என்ற ஒன்றே அந்த ஆண்டுதான் வந்தது.

முதல் தடவை போவது துணிச்சல் என்றால் ஒத்துக்கொள்கிறேன். கடலில் வேலை செய்பவன் என்ற முறையில் எனக்கு அந்த மூன்றாவது தடவைதான் பெரிது. கடல் எப்படி இருக்கிறது என்று இரண்டு முறை பார்த்தாகிவிட்டது; துடுப்பு உடையும் என்று தெரியும்; கை நடுங்குகிறது. இருட்டில், குளிரில், யார் எந்த இடத்தில் உட்கார வேண்டும், எந்தக் கயிற்றை எப்போது விட வேண்டும் என்று கேட்காமலே செய்ய முடிந்தால்தான் அந்த மூன்றாவது பயணம் நடக்கும். அன்று திடீரென வருகிற பலம் இல்லை அது. அலையில்லாத நாட்களில், யாரும் பார்க்காதபோது, வீண் வேலை மாதிரி தோன்றும் பயிற்சிகளில் சேர்ந்தது. எங்கள் பையன்களிடம் இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அங்கே நான்கைந்து வரிகளில் எழுதி வைத்திருந்தார்கள்.

லைஃப் ஜாக்கெட் இருந்த இடத்தில் அண்ணன் வெகுநேரம் நின்றார். தக்கைத் துண்டுகளைக் கித்தானில் கோத்த பழைய வகை 1854இல் கேப்டன் வார்டு கண்டுபிடித்தது. ஏழு வருடம் கழித்து விட்பி என்ற ஊரில் மீட்புப் படகு கவிழ்ந்தபோது, குழுவில் பிழைத்தவர் ஒரே ஒருவர். அந்தத் தக்கைச் சட்டையைப் போட்டிருந்தவரும் அவர் ஒருவர்தான். 1904 முதல் தக்கைக்குப் பதில் இலவம் பஞ்சு வந்தது. கையை வீசித் துடுப்புப் போட அது தோதாக இருந்தது.

"நம்ம தலகாணிப் பஞ்சா சார்?"

"அதேதான் அண்ணே."

"மழையில நனைஞ்சா ஊறிப்போகாதா?"

இலவம் நாரின் மேல் மெழுகுப் பூச்சு இயற்கையாகவே உண்டு, அதனால் லேசில் தண்ணீரை இழுக்காது என்று சொன்னேன். கண்ணாடிக்குள் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் டெக்கில் லைஃப் ஜாக்கெட் போடாமல் கம்பியோரம் நிற்கும் பையன்களை அவர் திட்டுகிற திட்டைக் கேட்டவர்களுக்கு அந்தப் பார்வை புரியும்.

1941 ஆகஸ்ட் 6. ஹேஸ்பரோ மணல் திட்டில் போர்க்காலக் கப்பல் அணியிலிருந்து ஆறு கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவிட்டன. எச். எஃப். பெய்லி படகு போனபோது சில கப்பல்களின் மேல்தளமே அலைக்குள் இருந்தது. பக்கவாட்டில் படகைக் கட்ட வழியில்லை. பிளாக் மூழ்கிய தளத்தின் மேலேயே படகை ஏற்றி, எஞ்சின் பலத்தால் அங்கேயே தாங்கிப் பிடித்து ஆட்களைக் குதிக்கச் சொன்னார். அந்த ஒரு படகில் மட்டும் 88 பேர். நல்ல வானிலையில்கூட இன்னொரு கப்பலுக்குப் பக்கத்தில் போகும்போது நாங்கள் ரப்பர் தடுப்பைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு மீட்டராகச் சொல்லிக்கொண்டு போவோம். வேண்டுமென்றே கப்பல்மேல் படகை ஏற்றுவது எவ்வளவு பெரிய முடிவு என்பதை அந்த இடத்தில் நின்று யோசித்தபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலிஷ் டிரேடர் என்ற கப்பலுக்குப் போனபோது ஒரே அலை பிளாக்கையும் இன்னும் சிலரையும் கடலில் வீசியது. எல்லோரையும் தூக்கிவிட்டார்கள், ஆனால் ஒருவர் படகிலேயே இறந்துபோனார். அந்த ஓட்டத்தையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஜெயித்த கதையை மட்டும் சொல்லியிருந்தால் எனக்கு அந்த இடத்தின் மேல் இவ்வளவு மரியாதை வந்திருக்காது.

மீட்புப் படகு நிலையங்களில் பலகைகள் தொங்கும்: தேதி, கப்பலின் பெயர், செய்தது என்ன. இவர்கள் பாஷை மிகச் சிக்கனமானது. இத்தனை உயிர் காக்கப்பட்டது, கப்பலுக்கு உதவியது, பக்கத்தில் காத்திருந்தது. 'பக்கத்தில் காத்திருந்தது' என்றால், புயலில் ஒரு கப்பலுக்கு அருகே மணிக்கணக்காகச் சுற்றிவிட்டுத் தேவைப்படாமல் வெறுமனே திரும்பியது. அதற்கும் ஒரு வரி. இதில் நான் உறுதியாக நிற்கிறேன்: பயன்படாத பயணத்தையும் எழுதி வைக்கிற ஊரில்தான் அடுத்த பயணத்துக்கு ஆள் வருவான்.

அண்ணன் அங்கேதான் பேசினார்.

"ஒக்கிக்கு எங்க ஊர்ப் போட்டுகள் தேடப் போச்சு சார். சர்க்காரு வருவான்னு பாத்து நின்னு, பொறவு நாங்களே டீசல் போட்டுப் போனோம். யாரு போனா, எந்தப் போட்டு, எத்தனை நாள் கிடந்து தேடினா, ஒண்ணும் எழுதி வைக்கல. செத்தவங்க பேரு சர்ச்சுல இருக்கு. தேடப் போனவங்க பேரு எங்கயும் இல்ல."

2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கிராமங்களை என்ன செய்தது என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள் அவர்கள். கரையில் எச்சரிக்கை வந்தபோது பலர் வெகுதூரத்தில் இருந்தார்கள். காணாமல்போனவர்களைத் தேடி மீனவர்களே தங்கள் விசைப்படகுகளில் போனது அப்போதைய செய்திகளில் வந்ததுதான். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும் மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். நன்றி சொன்னோம், சில நாள் கொண்டாடினோம். எந்தப் படகு எந்தத் தெருவில் எத்தனை பேரை ஏற்றியது என்று ஒரு சுவரில்கூட இல்லை. க்ரோமரில் நண்டுக்காரர் ஒருவரின் பெயரில் காட்சியகமே இருக்கும்போது, இது எனக்குப் பொறுக்கவில்லை.

க்ரோமரில் அந்தப் பாலத்தின் கோடியில் இப்போதைய மீட்புப் படகு இருக்கிறது. நாடக அரங்கைத் தாண்டிப் போக வேண்டும். சரிவுத் தண்டவாளத்தின் தலையில், கதவைத் திறந்தால் வழுக்கிக் கடலில் இறங்கத் தயாராக நின்றது. மஞ்சள் கால்சட்டைகளும் பூட்சுகளும் காலை நுழைத்தால் போதும் என்ற வாக்கில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அண்ணன் ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்துக்கொண்டு போனார்.

கப்பலுக்குத் திரும்பிய பிறகு பயிற்சிக்கு நான் எழுதும் பதிவு மாறிவிட்டது. 'நடந்தது' என்று ஒரு வரி எழுதுவதில்லை. முன் கொக்கியில் யார், பின் கயிற்றில் யார், படகு தண்ணீரைத் தொட எத்தனை நிமிடம், என்ன சிக்கியது என்று பெயர் போட்டு எழுதுகிறேன். தன் பெயர் ஏறுகிறது என்றதும் பையன்கள் நான் கேட்காமலே கொக்கியைத் திறந்து பார்க்கிறார்கள். கேப்டனுக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆய்வுக்கு வருபவர்கள் 'சிக்கியது' என்ற சொல்லைப் படித்தால் குறை எழுதுவார்கள் என்றார். சிக்கியதைச் சரிசெய்த தேதியையும் பக்கத்திலேயே எழுதினேன். அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை.

அண்ணன் ஊரில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சேதி அனுப்பிப் பெயர்களைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார். ஒரே படகு எந்த ராத்திரி கிளம்பியது என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு. சிலர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், சில படகுகள் கைமாறிவிட்டன. பங்குத்தந்தையிடம் இருக்கும் பதிவோடும் டீசல் போட்ட சீட்டுகளோடும் ஒத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த விடுப்பில் இரண்டு பேரும் தூத்தூரில் உட்கார்ந்து அதைச் செய்வதாக ஏற்பாடு.